நாகர்கோவிலில் இருந்து ரவிவர்மா ஓவியம் பார்க்க

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் "சாயங்காலம்" என்றால் நாலே முக்கால்தான். அதற்குள் படக்கூடம் பூட்டிவிடும். திங்கள் விடுமுறை, புதன் காலையிலும் திறக்காது. ஐந்து மணிக்குப் போய் வாசலில் நிற்பவர்களில் பாதிப்பேர் நம்மூர்க்காரர்கள்தான்! மூன்று மணிக்குள் உள்ளே இருங்கள். நாகர்கோவிலில் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் சரிவராது. பதினொன்றரைக்கே வண்டி ஏறிவிட வேண்டும். திருவனந்தபுரம் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் சுமார் 3 கிலோமீட்டர்.

1935ல் தொடங்கிய ஸ்ரீசித்ரா கலைக்கூடம் இங்கேதான். ரவிவர்மாவுக்கென்றே 2023ல் தனிக் கட்டிடமும் திறந்திருக்கிறார்கள். எது எங்கே என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வண்ணப் படத்துக்கு நேர் எதிரே நின்றால் வார்னிஷில் விளக்கு பளபளத்து முகமே தெரியாது. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், பளபளப்பு விலகிவிடும். முதலில் படத்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நின்று முழுசாகப் பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். ரவிவர்மாவின் சகுந்தலை படத்தில் அவள் காலில் முள் எடுப்பதுபோல பாவனை செய்கிறாள், கண்ணோ துஷ்யந்தனைத் தேடிப் பின்னால் போகிறது. தோழியின் தோளில் ஊன்றிய கையைக் கவனியுங்கள், நாடகம் முழுக்க அங்கேதான். ஐந்து படம் நிதானமாகப் பார்த்தாலே அரைமணி ஓடிவிடும்.

படக்கூடம் பூட்டியபின், அதே வளாகத்தில் கட்டிடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1880ல் முடிந்த நேப்பியர் மியூசியத்தை வெளியே சுற்றிப் பாருங்கள். சாய்வெயிலில் அந்தச் செங்கல் கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.