போன் நம்பர் வெளியே போகாமல் ஏரியா மக்களைச் சேர்க்க

ஏரியா பிரச்சினைக்கு ஆள் சேர்க்கும்போது சாதாரண வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப்பிலேயே, பல குரூப்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ‘கம்யூனிட்டி’ ஒன்றைத் தொடங்கி, எல்லோரையும் அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் சேருங்கள். தனி ஆப் செய்யக் காசு கொடுக்கும் முன் இது போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும்.

குரூப்பில் சேர்ந்த உடனே நம் நம்பர் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தாராவியில் தண்ணீர் பிரச்சினை என்றால் முன்னால் நிற்பவர்கள் பெண்கள்தான். குரூப் என்றதும் தயங்குவதும் அவர்கள்தான். முன்பின் தெரியாத ஒருவன் ராத்திரி ‘ஹாய்’ அனுப்பினால்? நியாயமான பயம்தானே. அறிவிப்புக் குழுவில் உங்கள் நம்பர் அட்மின்களுக்கும், ஏற்கெனவே அதைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். புதுச் செய்தி போடுவதும் அட்மின்கள்தான் என்பதால், ‘நாளை காலை 11 மணி, ஜி நார்த் வார்டு ஆபீஸ், தண்ணீர் பில் நகலோடு வரவும்’ என்பது குட்மார்னிங் ரோஜாக்களுக்கு அடியில் புதைந்துபோகாது.

ஆனால் அதே கம்யூனிட்டிக்குள் இருக்கும் வேறு குரூப்பில் சேர்ந்தால் நம்பர் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்களைச் சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அட்மின் பொறுப்பையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்காதீர்கள், எல்லா நம்பரும் அவர்கள் கையில் இருக்கும். கலந்து பேசி முடிவெடுக்க அறிவிப்புக் குழு உதவாது. அதற்கு நேரில் கூடுவதே மேல். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு, சந்துக்கு ஒருவர் பொறுப்பெடுத்து போன் பண்ணிச் சொல்லத்தான் வேண்டும்.