சத்திழந்த மானாவாரி நிலத்தைக் கொறங்காடாக ஓய்வில் விடும் முறை

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சரளையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த செவ்வல் மண்ணை ஆண்டுதோறும் உழுது, அறுவடைக்குப் பின் வெறுமையாகப் போட்டு வைத்தால், அந்தச் சில நாள் மழையே மேல்மண்ணை வாரிக்கொண்டு போகப் போதுமானது. இத்தகைய நிலத்தை உயிர்வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, அளவோடு மேய்க்கும் கொறங்காட்டு முறையைக் கொங்குப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். சத்திழந்த மானாவாரி நிலத்தை மீட்க இதைவிடப் பொருத்தமான வழி நம்மிடம் இல்லை என்றே கருதுகிறேன்.

ஓய்வு தருவதற்கு முன், நிலம் ஓய்வினால் தேறக்கூடியதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணாய்வுக் கூடத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நமது மானாவாரி நிலங்களில் வழக்கமானதே. அது ஓய்வினால் மெல்ல உயரும். ஆனால் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, சோடியமும் மிகுந்திருந்தால், புல் முளைப்பதே அரிதாகும். அங்கே முதலில் ஜிப்சம் இட்டுச் சீர்திருத்த வேண்டும். அடுத்து, இரு பக்கமும் திறந்த தகர டப்பா ஒன்றை மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்தி, ஒரு லிட்டர் நீர் ஊற்றி, அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதே இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்து பார்ப்பதுபோல் நிலத்தின் முன்னேற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

வேலி இல்லாத நிலத்துக்கு ஓய்வு கிடையாது. பயிர் வைக்காமல் விட்டுவிட்டால் நிலம் தானே தேறிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் ஊர் ஆடுகள் நாள்தோறும் நுழையும் தரிசில் துளிர்க்கும் ஒவ்வொரு புல்லும் விதைக்கு வருமுன்னே கடிபட்டுப்போகிறது, குளம்பு பட்டு மண் மேலும் இறுகுகிறது. கம்பி வேலிக்கு வசதியில்லாதவர்கள் முள்கிளுவையையே நம்பலாம். இலை உதிர்ந்து நிற்கும் கிளுவையிலிருந்து கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத போத்துகளை மூன்று நான்கு அடி நீளத்தில் வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்ற வேண்டும். அவை வேர்பிடித்து அடர்வதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வெட்டிய முள்ளை அடைத்துக் காவல் செய்வது கட்டாயம்.

வேலிக்கு அடுத்தது நீர். சரிவு உள்ள இடங்களில் சம உயர வரப்புகளை இட்டு, நீர் அரித்த ஓடைகளின் குறுக்கே உள்ளூர்க் கற்களை அடுக்கித் தடுப்பு கட்டுங்கள்; ஓடையின் தலைப்பிலிருந்து கட்டத் தொடங்கினால் கீழே வரும் நீரின் வேகம் குறைந்துவிடும். பல ஆண்டுகள் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் கெட்டித் தட்டு உருவாகியிருந்தால், உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் சரிவுக்குக் குறுக்காக ஒருமுறை மட்டும் ஓட்டலாம். அதன்பின் கலப்பையைத் தொடவேண்டாம். ஓய்வில் இருக்கும் நிலத்தைக் களைக்காகக் கோடையில் திரும்பத் திரும்ப உழுவது, சேர்ந்த கரிமத்தையெல்லாம் வெயிலில் எரித்துவிடுவதற்கு ஒப்பாகும்.

விதைப்பை முதல் நல்ல மழையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டைப் புல்லின் விதை, அறுத்த கையோடு போட்டால் சரியாக முளைக்காது. சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்த விதையே நன்கு முளைக்கும். ஒரு ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். பஞ்சுபோல் காற்றில் பறக்கும் விதை என்பதால் ஈர மணலோடு பிசைந்து தூவி, முள் கொத்து ஒன்றை மேலே இழுத்துவிட வேண்டும். ஆழத்தில் புதைந்தால் வெளியே வராது. பயறு வகைச் செடி சேரும்போதுதான் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும். முயல் மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்து, பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்கலாம். நரிப்பயறும் கொழுஞ்சியும் பல நிலங்களில் தாமாகவே வரும், அவற்றைக் களையென்று பிடுங்கிவிடக் கூடாது. வெள்வேலின் நெற்று தின்ற மாடுகளின் சாணத்திலிருந்து கன்றுகள் தாமே முளைக்கும். அவற்றில் நேராக வளர்வனவற்றை இடைவெளி பார்த்து விட்டுவிட்டால் போதும்.

பிடுங்கியே தீரவேண்டியது சீமைக்கருவேல். வேலி அடைத்த நிலத்தை இரண்டே ஆண்டுகளில் அது பிடித்துக்கொள்ளும்; வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். ஆகவே மழை பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில், ஒரு முழம் உயரத்துக்கு மேல் போகுமுன் வேரோடு எடுத்துவிட வேண்டும். பின்னாளில் மேய வரும் ஆடுகள் வெளியில் அதன் நெற்றைத் தின்றிருந்தால், அவற்றின் புழுக்கையிலேயே விதை வந்து சேரும். ஆகையால் அவற்றை ஒரு வாரம் பட்டியில் அடைத்து வேறு தீவனம் கொடுத்த பிறகே உள்ளே விடுவது நல்லது.

முதல் ஆண்டில் எந்தக் கால்நடையும் உள்ளே வரக்கூடாது. மார்கழி, தை மாதங்களில் புல் கதிர் முற்றி விதை உதிர்ந்து முடியட்டும். காய்ந்த புல் நிற்கும் கோடையில் தீப்பிடிக்கும் அபாயம் பெரிது. வேலியை ஒட்டி உட்புறமாக இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் விதை உதிர்ந்தபின் அறுத்து வெளியே கொண்டுபோய்த் தீவனமாகக் கொடுக்கலாம். ஆனால் தரையிலிருந்து அரை அடியாவது தூர் நிற்க வேண்டும்.

இரண்டாம் மழைக்காலம் கழிந்ததும் ஒரு தூரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் பாருங்கள். வேர்களைச் சுற்றி மண் சிறு சிறு உருண்டைகளாக ஒட்டிக்கொண்டு வரும். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் புட்டு மாவைப்போல் உதிரும். மக்கிய புல் தாளின் கீழே கறையான் புற்றின் மெல்லிய மண் பூச்சும், வெள்ளை நூலாகப் படர்ந்த பூஞ்சையும், சில இடங்களில் மண்புழுவின் குருணை எச்சமும் தெரியும். தூருக்கு ஒரு முழம் தள்ளி வெறுந்தரையில் அதே கடப்பாரையை ஊன்றினால் ஓசை மாறும். அந்த இடம் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. இரண்டு தூர்களுக்கு இடையே உள்ள இந்த வெறுந்தரை சுருங்கச் சுருங்கத்தான் நிலம் தேறுகிறது. இது பாதிக்கு மேல் இருக்கும்வரை மேய்ச்சலை நினைக்கவே வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு முதல், நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்க்கலாம். புல்லில் பாதியை மாடு தின்றதும் அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட வேண்டும். மழைக்குப் பின் புதுத் துளிர் வரும் நாட்களில் எல்லாப் பகுதிகளையும் அடைத்து வைக்க வேண்டும். செம்மறிகள் தூரின் அடிவரை கடிப்பதால் மாடுகளைவிடக் குறைந்த நாட்களே நிற்கவேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மேய்ச்சல் நாட்களை நிச்சயம் குறைத்தாக வேண்டும். தீவனம் இல்லாத கோடையில் வெள்வேல் நெற்று பொறுக்கிப் போட உதவும்.

எல்லா நிலத்தையும் ஒரே சமயத்தில் ஓய்வில் விட்டால் வருமானத்துக்கு வழியில்லை என்று சிறு உழவர்கள் அஞ்சுவது நியாயமானதே. மிகவும் அரித்துப்போன மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் அடைத்து, மற்றதில் கொள்ளும் சோளமும் விதைத்துக்கொள்ளலாம். தேறிய கொறங்காட்டை ஆடு மேய்ப்பவர்களுக்கு ஆண்டுக் குத்தகைக்கு விடும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. அப்படி விடுவதானால், எத்தனை உருப்படிகள், எந்த மாதங்களில் மேய்ச்சல் கூடாது என்பதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.