கேபிள் தப்பினால் ஸ்வெட்டர் முழுதையும் பிரிக்காதீர்கள்

குன்னூரில் ஜூன் மழை தொடங்கியதும் எங்கள் வீட்டில் உல்லன் பை வெளியே வந்துவிடும். ப்ளெயின், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் நன்றாகப் பின்னுகிறவர்கள்கூட கேபிள் டிசைன் என்றால் ஒதுங்கிவிடுகிறார்கள். கயிறு திரிப்பது மாதிரிதான் அது. ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில், அதாவது கண்ணிகளில், பாதி மீதிப் பாதியைத் தாண்டிப் போகின்றன, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பாருங்கள். வெளிர் நிற நூலாக எடுங்கள், கறுப்பில் கண்ணியே தெரியாது. நடுத்தரத் தடிமனான 8 பிளை நூலுக்கு 4 மி.மீ. ஊசி, அதாவது பழைய 8-ஆம் நம்பர், சரியாக இருக்கும். 18 கண்ணி போடுங்கள். நல்ல பக்கத்தில் 6 பர்ல், 6 ப்ளெயின், 6 பர்ல். பின்பக்கம் அப்படியே தலைகீழ். இப்படி 4 வரிசை.

5-ஆவது வரிசையில்தான் முறுக்கு. 6 பர்ல் முடிந்ததும் அடுத்த 3 கண்ணிகளைப் பின்னாமல் ஒரு சின்ன ஊசிக்கு மாற்றி முன்பக்கம் தொங்கவிடுங்கள். அதற்கு அடுத்த 3-ஐப் பின்னிவிட்டு, தொங்கும் 3-ஐயும் பின்னுங்கள். முறுக்கு இடப்பக்கம் சாயும். சின்ன ஊசியைப் பின்னால் விட்டிருந்தால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்புறம் 11, 17, 23 என்று 6 வரிசைக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறுக்கிலும் ஒரு சேஃப்டி பின் குத்திவிட்டால் வரிசை எண்ணுவது சுலபம்.

என் பேரனுக்குப் பின்னியபோது 23-ஆவது வரிசையில் ஊசியைப் பின்னால் விட்டுவிட்டேன். 28 முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஒரே ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. மனசு ஒடிந்துபோனது. முன்பெல்லாம் அத்தனை வரிசையையும் பிரித்திருப்பேன். தேவையே இல்லை.

அந்த 6 கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, 22-ஆவது வரிசை வரை பிரியுங்கள். இரண்டு பக்கத்து பர்லும் ஊசியிலேயே இருக்கட்டும். நடுவில் 6 இழைகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே நிற்கும். அடியில் உள்ள 6 கண்ணிகளை இருமுனை ஊசியில் ஏற்றி, இந்த முறை 3-ஐ முன்னால் விட்டு, ஏணியின் அடிப் படியால் பின்னுங்கள். பிறகு கண்ணிகளை ஊசியின் வலது முனைக்குத் தள்ளி, அடுத்த படி. எல்லாப் படியும் நல்ல பக்கத்திலிருந்து ப்ளெயின்தான். கீழிருந்து மேலே வரிசை மாறக் கூடாது, அதில் மட்டும் கவனம் வேண்டும். ஓரக் கண்ணிகள் தொளதொளவென்று இருந்தால் ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிக்குக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.

ஒற்றைக் கண்ணி நழுவினால் குரோஷா ஊசியே போதும்.

இன்னொன்று, கேபிள் துணியை உள்ளே இழுக்கும். ப்ளெயின் கணக்கில் கண்ணி போட்டால் ஸ்வெட்டர் இறுகிவிடும். கேபிள் துண்டையே அளந்து கணக்குப் போடுங்கள்.

முடித்ததும் குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். இழுபட்ட கண்ணிகள் அதிலேயே பெரும்பாலும் சமமாகிவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் காய இரண்டு நாள் ஆகும், அதுவரை கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள்.