ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை ஆய்வு செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று போகப் போக வீட்டு வாடகை குறையும், பயண நேரம் கூடும். அதனாலேயே இந்தத் தடத்தில் பொதுப் போக்குவரத்தை எப்படி விரிவாக்குவது என்று கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எனப் பலரும் ஆய்வு செய்கிறார்கள். செய்யட்டும், இன்னும் நிறையப் பேர் செய்ய வேண்டும். ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் தண்டவாளத்தையோ தூணையோ வரைபடத்தில் போட்டுவிட்டு, அப்புறம்தான் அதில் ஏறப்போகிற ஆளைத் தேடுகின்றன. வீட்டு வாசலிலிருந்து வேலை செய்யும் இடத்து வாசல் வரைக்குமான முழுப் பயணத்தை எடுத்துக்கொள்ளாத ஆய்வு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயன்படாது.

முதல் தவறு வண்டியை எண்ணுவது. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ நின்று காலையில் எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை பஸ் போகிறது என்று குறித்து, அதையெல்லாம் கார் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு பஸ் ஏறக்குறைய மூன்று காருக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த பஸ்ஸில் எழுபது பேர் தொங்கிக்கொண்டு போனாலும் மூன்றுதான், காலியாகப் போனாலும் மூன்றுதான். இப்படிக் கணக்குப் போட்டால் பஸ் என்பது சாலையை அடைக்கிற ஒரு பொருளாகத்தான் தெரியும். ஆளை எண்ணிப் பாருங்கள், படம் தலைகீழாக மாறும். சாலையின் ஒரு வழியில் (லேன்) மணிக்கு 1,500 கார், காருக்கு ஒன்றரை ஆள் என்று வைத்தால் 2,250 பேர். பக்கத்திலேயே ஓடும் தண்டவாளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு 12 பெட்டி மின்சார ரயில், ஒரு ரயிலுக்கு 3,000 பேர் என்று வைத்தால் மணிக்கு 36,000 பேர். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மேம்பாலம் கட்டினோம், சாலையை அகலப்படுத்தினோம், நெரிசல் மட்டும் அடுத்த சிக்னலுக்கு நகர்ந்து அப்படியே நிற்கிறதே என்று புலம்புகிறோம் அல்லவா, அதற்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இரண்டாவது தவறு, காலையில் எல்லாரும் நகரத்துக்குள் இருக்கும் கடற்கரை ரயில் நிலையம் நோக்கியும் மாலையில் எல்லாரும் தாம்பரம் நோக்கியும் போகிறார்கள் என்று எழுதாத விதியாக எடுத்துக்கொள்வது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது அது உண்மையாக இருந்திருக்கலாம். இன்றைக்குக் காலையில் தாம்பரத்திலிருந்து மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் பக்கம் தெற்கேயும் மேற்கேயும் போகிற தொழிலாளர்கள் ஏராளம். கம்பெனி பஸ்கள் தனியாக ஒரு போக்குவரத்துத் துறை மாதிரி ஓடுகின்றன. இன்னொரு பெருங்கூட்டம் மேடவாக்கம் வழியாகக் கிழக்கே ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிறது. இவர்களுக்கு வடக்கு தெற்காக எத்தனை ரயில் விட்டாலும் பிரயோஜனம் இல்லை. குறுக்கே போக நல்ல பஸ் வேண்டும், பஸ்ஸுக்கு சாலையில் தனி வழி வேண்டும். ஆய்வு ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றியது என்பதற்காக அந்தச் சாலையின் நீளத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள், ஆனால் அந்தச் சாலையில் நெரிசலை உண்டாக்குவதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்தது, யாரிடம் கேட்கிறோம் என்பது. நடைமேடையில் நிற்பவர்களிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்குவது சுலபம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ரயிலில் வருகிறவர்கள். ரயிலைக் கைவிட்டவர்களிடம் யார் கேட்பது? நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருட்டில் நடக்கப் பயந்து ஸ்கூட்டி வாங்கிய பெண், இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வண்டி கிடைக்காதவர், நடைமேம்பாலத்தில் படியேற முடியாத முழங்கால் வலிக்காரர், காலை ஐந்தரை மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விடுகிற அக்கா. இவர்கள் யாரும் எட்டு மணி சர்வேயில் சிக்கமாட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண மாநகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வேகமான ரயில் இருந்தும், இலவச பஸ் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. பயண நேரம் குறைந்தால் எல்லாரும் தானாக மாறிவிடுவார்கள் என்று எழுதுவதற்கு முன் அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்கு வீடு போய்க் கேட்பது செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

நான்காவதாக, கடைசி ஒரு கிலோமீட்டரை 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று பின்னிணைப்பில் தள்ளுவது. கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டடம் பெரியது, வசதியானது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த அன்று, கூப்பிடு தூரத்தில் ஓடும் ரயில் பாதையில் இறங்க நிலையம் இல்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. தென்மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் பையும் குழந்தையுமாக இறங்கியவர்கள் மாநகர பஸ்ஸையோ ஆட்டோவையோ பிடித்து நகரத்துக்குள் வரவேண்டியிருந்தது, ரயில் வேண்டுமென்றால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. முனையத்தின் பரப்பு, பஸ் நிறுத்துமிடங்களின் எண்ணிக்கை என்பதையெல்லாம் ஆய்வு செய்தவர்கள், ஒரு பாட்டி அங்கே இறங்கி மயிலாப்பூர் போய்ச் சேர எத்தனை வண்டி மாற வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இணைப்பு முதலில், முனையம் பிறகு. அல்லது இரண்டும் ஒரே நாளில். இந்த வரிசையை எந்த அறிக்கையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பில் பேராசை வேண்டாம். 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை அலசி 2005-இல் டென்மார்க் ஆய்வாளர் பெண்ட் ஃப்ளைவ்பியர்க் குழு வெளியிட்ட ஆய்வில், பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் கணிப்பு உண்மையைவிட அதிகமாக இருந்தது தெரியவந்தது. நம் ஊர் பறக்கும் ரயில் நிலையங்களும் பிரம்மாண்டமாகக் கட்டப்பட்டு, எதிர்பார்த்த கூட்டம் வராமல் பல ஆண்டுகள் இருண்டு கிடந்தன. ரயில் மோசம் என்பது காரணமில்லை. இறங்கினால் பஸ் இல்லை, மாறிப்போக ஒழுங்கான வழி இல்லை. கட்டணமும் முக்கியம். சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயாக இருந்து 2021 பிப்ரவரியில் 50 ஆகக் குறைக்கப்பட்டது. இப்போது விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோவை நீட்டப் பேசுகிறார்கள், அது மின்சார ரயில் பாதைக்குப் பக்கத்திலேயேதான் போகும். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பத்து ரூபாய் அளவில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவர், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், எவ்வளவு கொடுத்து எதற்காக மாறுவார் என்று நேரடியாகக் கேட்டு வாங்கிய பதில் இல்லாமல், 'இத்தனை லட்சம் பேர் பயணிப்பார்கள்' என்று எழுதக் கூடாது.

மலிவான மாற்றுகளை ஒப்புக்கு ஒரு பத்தியில் முடித்துவிடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். சிக்னலை மேம்படுத்தி ரயில் இடைவெளியைக் குறைத்தால் என்ன ஆகும், நிலையத்தின் இரண்டு பக்கமும் நுழைவாயில் திறந்தால் என்ன ஆகும், ரயில் நேரத்துக்கு ஒத்து மினி பஸ் விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் மெட்ரோவுக்குக் கொடுக்கும் அதே அக்கறையோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில் பாதை ஊரை இரண்டாக வெட்டுகிற இடங்களில், கிழக்கே சேலையூர்க்காரருக்கும் மேற்கே முடிச்சூர்க்காரருக்கும் நிலையத்தை அடையும் நேரம் ரயிலில் போகும் நேரத்தில் பாதியைத் தின்றுவிடும்.

நிலத்தையும் முதல் நாளிலேயே பாருங்கள். 2007-இல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயில், அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் போக ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் தூண்களோடு நின்றது. யாருடைய வீடு போகிறது, அவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை ஆய்வுக் கட்டத்திலேயே பேசாவிட்டால் மற்ற எல்லாக் கணிப்பும் காலாவதி ஆகிவிடும். அதே மாதிரி ரயில்வே, மெட்ரோ, மாநகர பஸ் மூன்றிடமும் தரவு வாங்குங்கள். ஒருவரிடம் மட்டும் வாங்கினால் மற்ற இரண்டும் உலகத்திலேயே இல்லாதது போல் அறிக்கை வரும். மூன்றையும் ஒருங்கிணைக்க கும்டா என்ற ஆணையத்துக்கான சட்டம் 2010-லேயே வந்தது, அது வேலை செய்ய ஆரம்பிக்க ஆன காலம் நமக்குத் தெரியும். அங்கே போய்க் கேளுங்கள்.

கடைசியாக, திறப்பு விழாவோடு ஆய்வை மூடிவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் கடற்கரை - செங்கல்பட்டு ஏ.சி. மின்சார ரயில் வந்தது. பயணிகளிடம் கருத்துக் கேட்டு சில வாரங்களிலேயே அதன் நேரத்தை மாற்றினார்கள். எல்லாத் திட்டத்துக்கும் இப்படி ஆறு மாதத்தில் ஒரு தடவை, இரண்டு வருடத்தில் ஒரு தடவை திரும்பப் போய் எண்ணுவதற்கான பணத்தை ஆரம்ப பட்ஜெட்டிலேயே ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.