மட்டக்களப்பில ஃபியூஷன் பேண்ட் ஒண்டு தொடங்கி, அத உடையாம கொண்டு போறது எப்பிடி

கீபோர்ட், லீட், பேஸ், ட்ரம் செட், ரெண்டு பாடகர் எண்டு கல்யாண இசைக்குழு மாதிரி ஆள் சேர்த்தா ஃபியூஷன் (நம்மட இசையும் மேற்கத்திய இசையும் கலந்து வாசிக்கிறது) வராது, சவுண்ட் செட் வாடகைதான் வரும். நாலு பேர் காணும். ஜாஸ் கிட்டார்காரர் ஜோன் மெக்லாஃப்லின், மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா எண்ட ஜாஸ்-ரொக் குழுவில காது கிழிய எலெக்ட்ரிக் கிட்டார் அடிச்ச மனுசன், 70கள்ட நடுவில அத ஒரு பக்கம் வெச்சிட்டு அகூஸ்டிக் கிட்டாரோட சப்பாணி கட்டி இருந்து, எல். சங்கர்ட வயலின், சாகிர் உசைன்ட தபேலா, விக்கு விநாயக்ராம்ட கடம் எண்டு சக்தி எண்ட ஃபியூஷன் குழுவில இறங்கினார், அதில ட்ரம் செட்டும் இல்ல கீபோர்டும் இல்ல.

அடுத்தது கூத்துக்கு அடிக்கிற மத்தளம். எல்லாத்தையும் கம்போஸ் பண்ணி முடிச்சிட்டு "கொஞ்சம் நாட்டார் டச் வேணும்" எண்டு கடைசியில மத்தளக்காரரக் கூப்புடுறாங்களே, அது எனக்குக் கொஞ்சமும் புடிக்காத வேல. தலகீழாச் செய்யுங்க. கூத்துப் பழக்குற ஒரு அண்ணாவியார்ட்ட போய், மரியாதையாக் கேட்டு, வடமோடிக் கூத்துத் தாளக்கட்டு ஒண்ட ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணுங்க, அவருக்குரிய காசையும் குடுங்க, அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாத்தியத்தத் தொடாம கையால தட்டி வாயால சொல்லிப் பழகுங்க, கிட்டார்காரனும்தான். மெக்லாஃப்லினே கொன்னக்கோல் (தாளத்த வாயால சொல்றது) பழகினவர், நமக்கென்ன வெக்கம்? மூண்டு எண்ணிக்கைக்கு தகிட, நாலுக்கு தகதிமி, அஞ்சுக்கு தகதகிட, ஏழுக்கு தகிட தகதிமி. ஜாஸ்ல ஸ்விங் எண்டு சொல்றதும் இதுக்குள்ளதான் கிடக்கு. தகிட சொல்லி நடுவில வாற கி-ய மட்டும் முழுங்குங்க, த, ட, த, ட எண்டு நொண்டி நொண்டிப் போகும், அதான்.

சுருதிய மத்தளத்தப் பாத்து வையுங்க, கிட்டாருக்கு கப்போ (கழுத்தில மாட்டுற கிளிப்) போட்டுச் சரிக்கட்டலாம், மத்தளத்தப் பாட்டுக்குப் பாட்டு மாத்த ஏலாது. கிட்டார் கோர்ட் (ஒண்டாச் சேர்த்து அடிக்கிற ஸ்வரங்கள்) ரெண்டுக்கு மேல ஓட விடாதீங்க, ராகம் செத்துரும். ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் ஆக்கள் 1959ல செஞ்சது போல ஒரே ஸ்கேல்ல (ஸ்வர வரிசையில) நிண்டு விளையாடுங்க. டோரியன் மோட் எண்ட மேற்கத்திய ஸ்கேல் நம்மட கரகரப்பிரியா, ப்ளூஸ் பொடியன்கள் அடிக்கிற மைனர் பென்டடோனிக் சுத்த தன்யாசி. ஆனா ஸ்வரம் ஒண்டா இருந்தா மட்டும் ராகம் வந்திராது, கமகம் (ஸ்வரத்த வளைச்சு அசைக்கிறது) வேணும். மெக்லாஃப்லின் அதுக்காக ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில குறுக்க இருக்கிற கம்பிகளுக்கு) இடையில மரத்தக் குடைஞ்ச கிட்டார் வெச்சிருந்தார். நீங்க கிட்டாரக் குடையப் போகாதீங்க, மெலடிய வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ குடுத்திட்டு கிட்டார்ல ஆதார சுருதியப் புடிங்க.

காசு விசயம். அறுகம்பே சீசன் சித்திர வைகாசியில தொடங்கி புரட்டாசி வரைக்கும் போகும், பாசிக்குடாவும் ஏறக்குறைய அப்பிடித்தான், வெள்ளக்காரர் நிறைய வாற காலம். நாலு பேர், சின்ன ஸ்பீக்கர் எண்டா கஃபேக்காரரும் யோசிக்காம இடம் தருவாங்க. மாரி மழைக்குள்ள ரிகர்சலும் ரெக்கோர்டிங்கும். கோயில் திருவிழா, கல்யாணத்துக்குப் படப்பாட்டு வாசிக்கிறது குற்றமில்ல, வேற பேர்ல வாசிங்க. மத்தளத்துக்கும் கிட்டாருக்கும் ஒரே பங்கு, முதல் ஷோவுக்கு முன்னமே எழுதி வையுங்க.

ஆள் போறதுக்கும் ஆயத்தமா இருங்க, ஒருத்தன் கட்டாருக்குப் போவான், ஒருத்தி கலியாணம் முடிச்சு கனடா போவாள். சக்தியும் மூண்டு ஆல்பத்தோட நிண்டு போனதுதான். 1997ல திரும்பத் தொடங்கி, பிறகு விக்குட மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோட வந்தார், மண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், அவர் 2014ல இறந்த பிறகும் ஆள் மாறி வாசிச்சு 2024ல கிராமி விருது எடுத்தாங்க, அந்த வருசக் கடைசியில சாகிரும் இறந்திட்டார். ஆனபடியா ஒவ்வொரு உருப்படிக்கும் தாளம், சுருதி, ஸ்கேல், ஆருக்குப் பின்னால ஆர் தனி வாசிக்கிறது எண்டு ஒரு பக்கத்தில எழுதி, ரிகர்சல் ரெக்கோர்டிங்கோட எல்லாரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ட்ரைவ் ஃபோல்டர்ல போடுங்க, மத்தளத்த மட்டும் தனியா இன்னொரு ஃபைல்லயும் ரெக்கோர்ட் பண்ணுங்க, புதுசா வாறவன் அதோட சேர்ந்து வீட்டிலயே பழகலாம்.