நீளமான ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

'ரெஸ்பான்ஸிபிலிட்டி' போன்ற நீளமான சொல் வந்தால் முதலில் அதன் வாலைப் பாருங்கள். 'இட்டி' என்று முடிகிறதா? அழுத்தம், அதாவது ஓங்கி ஒலிக்கும் இடம், அதற்குச் சற்று முந்தைய அசையில் விழும். ரி-ஸ்பான்-ஸ-பில்-அ-டி: ஆறு அசைகள், அழுத்தம் நான்காவதான 'பில்'லில். யுனிவர்ஸிட்டியில் 'வர்', எலக்ட்ரிஸிட்டியில் 'ட்ரி'. 'ஷன்' விகுதிக்கும் இதே கதைதான், எஜுகேஷனில் 'கே'. டெலிவிஷன் இதற்கு அடங்காதது, முதல் அசையிலேயே அழுத்தம்.

கவனிக்க வேண்டியது, விகுதி சேரும்போது அழுத்தம் இடம் மாறும். 'ரெஸ்பான்ஸிபிள்' என்கையில் 'ஸ்பான்' ஓங்கும். 'இட்டி' ஒட்டியதும் அது 'பில்'லுக்குத் தாவிவிடும். தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. அதனால் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் காது ஓங்கிய அசையைத்தான் தேடும்.

பழகுவதற்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: பில்-அ-டி, ஸ-பில்-அ-டி, ஸ்பான்-ஸ-பில்-அ-டி, கடைசியாக முழுச் சொல். மேசையில் தட்டிக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது!

சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்தால் எழுத்துப்பிழையும் குறையும். 'ரெஸ்பான்ஸ்', 'இபிள்', 'இட்டி' மூன்றும் தெரிந்தால் நடுவில் 'ஏ' (a) வருமா 'ஐ' (i) வருமா என்ற குழப்பம் இல்லை. 'இபிள்' என்பதன் 'ஐ' அப்படியே தங்கும். ஆனால் உறுப்பு பிரியும் இடமும் அசை பிரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சந்தேகமா? அகராதியின் உச்சரிப்புக் குறியில் மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடுங்கள். அதற்கு அடுத்த அசைதான் ஓங்கும். கீழே நிற்கும் கோடு இரண்டாம்தர அழுத்தம். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி'யில் அது 'ஸ்பான்' அசைக்கு.