முதல் பூட்டு: நான்கு பின், ஒரு ஹூக்

பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கப் பழகுகிறவர்களுக்கு எங்கும் இரண்டே விதிகள்தான். பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும்; அது புழக்கத்தில் இருக்கும் பூட்டாக இருக்கக் கூடாது. வாசல் பூட்டில் பழகி, உள்ளே இருக்கும் சின்ன உலோகக் குச்சிகளான பின்களில் (pin) ஒன்று சிக்கிக்கொண்டால் சொந்தச் சாவியே நுழையாது, ராத்திரி தெருவில் நிற்க வேண்டியதுதான். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

எந்தப் பூட்டில் தொடங்குவது

வீட்டில் கிடக்கும் பழைய திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுகள் பெரும்பாலும் லீவர் வகை, பின்களுக்குப் பதில் உள்ளே தகடுகள் இருக்கும். அவற்றுக்குக் கருவியும் வேறு, முறையும் வேறு. இங்கே சொல்வது பின் பூட்டுக்கு மட்டும். சாவியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: தட்டையான தகடு, பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளம், ஒரு விளிம்பில் மட்டும் மலைமுகடு போல் வெட்டு. இப்படி இருந்தால் அது பின் பூட்டு.

உலகம் முழுக்கப் பலருக்கு முதல் பூட்டு மாஸ்டர் லாக் 3. எஃகுத் தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்த உடல், 4 பின், அகலமான சாவித்துளை. அது கிடைக்காவிட்டால் நான்கு பின் உள்ள சாதாரணப் பித்தளைப் பூட்டு போதும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பயிற்சிப் பூட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அரை மணி நேரத்துக்கு உதவும். அதற்கு மேல் வேண்டாம்; அதன் தளர்ச்சி கையைத் தப்பாகப் பழக்கிவிடும்.

கருவி இரண்டே

பின்களைத் தூக்க, நுனி வளைந்த ஒரு சின்ன ஹூக்; சாவித்துளையில் வைத்துத் திருகும் அழுத்தம் (டென்ஷன்) கொடுக்க, பட்டை போன்ற ஒரு டென்ஷனர். முப்பது துண்டு செட்டில் இருபத்தெட்டு துண்டுகளுக்கு வேலை வராது. ஹூக் சுமார் 0.6 மி.மீ. கனம் இருக்கட்டும். சாதாரண ஹாக்ஸா பிளேடின் கனமும் அதுவே என்பதால் தேய்த்துச் செய்துகொள்ளலாம். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். நுனி நீலமாக மாறினால் பதம் போய்விட்டது, வளையும். டென்ஷனருக்குக் கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை அருமையாகப் பொருந்தும். மெக்கானிக் கடையில் பழைய வைப்பர் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஹேர்பின், பேப்பர் கிளிப் எல்லாம் சினிமாவோடு சரி. அவை மெத்தென்று வளைவதால் பூட்டு சொல்லும் சேதி விரலுக்கு வந்து சேராது.

ஏன் திறக்கிறது

சாவி சுழற்றும் உருளைக்குள் சாவிப்பின்கள், அவற்றின் மேல் மேல்பின்கள், அதற்கும் மேல் ஸ்பிரிங். மேல்பின் உருளைக்கும் உடலுக்கும் குறுக்கே கிடப்பதால் உருளை சுழலாது. இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு சரியாக ஒத்துவந்தால் சுழலும். நான்கு துளைகளையும் ஒரே நேர்கோட்டில் துளைக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது, மி.மீ.யில் நூறில் சில பங்கு விலகத்தான் செய்யும். அதனால் உருளையை லேசாகத் திருகும்போது நான்கு பின்னும் சேர்ந்து இறுகுவதில்லை. முதலில் ஒன்றுதான் இறுகும். அதைத் தூக்கி உட்கார வைத்தால் இன்னொன்று இறுகும். இந்த வித்தை மொத்தமும் இந்தக் குறையில்தான் நிற்கிறது.

திறப்பது

முதலில் சாவியைப் போட்டுத் திறந்து, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். சாவியின் பற்கள் இருக்கும் பக்கமே பின்கள் இருக்கும் பக்கம். வெட்டுகளையும் கவனியுங்கள்: ஆழமான வெட்டு என்றால் அந்தப் பின்னைக் கொஞ்சம் தூக்கினால் போதும், வெட்டு மேடாக இருந்தால் நிறையத் தூக்க வேண்டும். சொந்தப் பூட்டில் இப்படிப் பார்த்துக்கொள்வது திருட்டுக் கணக்கில் வராது.

பிறகு டென்ஷனர் இல்லாமல் ஹூக்கை மட்டும் கடைசிவரை விட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு பின்னையும் அழுத்துங்கள். நான்கு ஸ்பிரிங்கையும் தனித்தனியாக எண்ண முடியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இப்போது டென்ஷனர். சாவித்துளையில் பின்கள் இருக்கும் ஓரத்தில், முதல் பின்னைத் தொடாத அளவு மட்டும் நுழையுங்கள். எதிர் ஓரத்திலும் வைக்கலாம், ஆனால் ஹூக்குக்கு இடம் குறையும். பட்டை உருளையை மட்டுமே தொட வேண்டும். பூட்டின் உடலிலும் உரசினால் உங்கள் பலம் அங்கேயே வீணாகிவிடும். ஒரே விரலால், ஃபோன் திரையைத் தொடுகிற அளவு அழுத்தம். நகம் வெளுத்தால் அதிகம்.

நான்கு பின்னையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று துள்ளும். ஒன்று மட்டும் விறைப்பாக எதிர்க்கும். அதை மட்டும், மயிரிழை மயிரிழையாகத் தூக்குங்கள். ஒரு சின்ன 'டிக்', கூடவே உருளை இம்மியளவு நகர்வது டென்ஷனர் விரலில் தெரியும். காதைவிட இந்த விரலைத்தான் நம்ப வேண்டும். பிறகு மறுபடி நான்கையும் தொட்டு, அடுத்து விறைப்பது எது என்று தேடுங்கள். வரிசை 1, 2, 3, 4 என்று வராது. 3, 1, 4, 2 என்று வரலாம். ஒரே பக்கம் திருகும்வரை அந்தப் பூட்டில் பெரும்பாலும் அதே வரிசைதான், எழுதி வையுங்கள். நான்காவது உட்கார்ந்ததும் உருளை சுழலும், வளையம் துள்ளும்.

திறக்காவிட்டால்

எல்லாப் பின்னும் விறைப்பாக இருந்தால் டென்ஷன் அதிகம். எதுவுமே விறைக்காமல் துள்ளினால் டென்ஷன் போதாது, அல்லது பட்டை உடலில் உரசுகிறது. சரியாக உட்கார்ந்துவிட்ட பின்னைத் தொட்டால், அது ஸ்பிரிங் விசை இல்லாமல் சற்றே ஆடும். ஒரு பின் துளியும் அசையாமல் கல்லாகிவிட்டால் அதை அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். சாவிப்பின்னே விளிம்பில் மாட்டிக்கொண்டது. இன்னும் அழுத்தி அதைச் சரிசெய்ய முடியாது, டென்ஷனை விட்டுவிட வேண்டியதுதான். விடும்போது மெதுவாக விட்டு, பின்கள் விழும் 'டிக்' சத்தத்தை எண்ணுங்கள். மூன்று கேட்டால் கிட்டத்தட்ட முடித்துவிட்டீர்கள். ஒன்றும் கேட்காவிட்டால் இவ்வளவு நேரமும் எதுவும் உட்காரவில்லை.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே வையுங்கள். கை களைத்தால் நமக்குத் தெரியாமலே டென்ஷன் ஏறிவிடும். நுனி அலை அலையாக நெளிந்த ரேக் என்ற கருவியை வைத்து முன்னும் பின்னும் உரசினால் இந்தப் பூட்டு சில நொடிகளில் திறந்துவிடக்கூடும், ஆனால் அதில் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது. தொடர்ந்து ஐந்து முறை ஹூக்காலேயே திறந்த பிறகு அதே நான்கு பின் உள்ள மாஸ்டர் லாக் 140க்குப் போகலாம். அதில் நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஸ்பூல் பின்கள் உண்டு. உருளை நன்றாகத் திரும்பி, திறந்துவிட்டது போல் காட்டி நின்றுவிடும். அப்போது விறைப்பான பின்னைத் தூக்கிக்கொண்டே டென்ஷன் விரலைச் சற்றுத் தளர்த்தி, உருளையைக் கொஞ்சம் பின்வாங்க விட வேண்டும். முதல் பூட்டில் பழகிய இறுக்கமான விரல் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கதவு சிலிண்டரில் பழகும்போது மட்டும் ஒன்று: உருளையை அரைச் சுற்று திருப்பி நிறுத்தாதீர்கள். சாவித்துளை அடிப்பக்கம் திறந்திருந்தால் மேல்பின்கள் அதற்குள் இறங்கி உருளை நடுவழியில் பூட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால் ஹூக்கின் முதுகால் அந்தப் பின்களை மேலே தள்ளிக்கொண்டே திருப்பினால் விடுபடும்.